சாப்பாட்டு வேளையின் வரலாறு: ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து இன்சுலின் பம்ப்பைப் பார்த்தல்

தில்லி மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் ஐ.என்.ஏ. நிலையமும் எய்ம்ஸ் நிலையமும் அடுத்தடுத்து வருபவை. முதலாவதில் இறங்குவோர் கையில் பெரும்பாலும் துணிப்பை இருக்கும். இரண்டாவதில் இறங்குவோர் கையில் மருத்துவக் கோப்போ எக்ஸ்ரே உறையோ இருக்கும். ஐ.என்.ஏ. மார்க்கெட், தலைநகரில் குடியேறிய தமிழர்களும் மலையாளிகளும் தங்கள் ஊர்ச் சமையலைத் தேடி வரும் இடம். இட்லி அரிசி, முருங்கைக்காய், கறிவேப்பிலை, நேந்திரம்பழம், மரவள்ளிக்கிழங்கு, மீன் என வடநாட்டுக் காய்கறிக் கடைகளில் எளிதில் அகப்படாதவை அங்கே குவிந்து கிடக்கும். அதே அரபிந்தோ மார்க்கில் சற்றுத் தெற்கே, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நேச நாட்டுப் படையினருக்காக எழுந்த சஃப்தர்ஜங் மருத்துவமனையும் 1956-இல் தோன்றிய அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகமும் எதிரெதிரே நிற்கின்றன.

நீரிழிவின் வரலாறு வழக்கமாக இந்த இரண்டாவது நிலையத்திலிருந்துதான் எழுதப்படுகிறது: கண்டுபிடிப்புகள், மருந்துகள், நோபல் பரிசுகள், மருத்துவமனைகள். முதல் நிலையத்திலிருந்து, அதாவது அரிசியும் மீனும் விற்கும் இடத்திலிருந்து, அதே வரலாற்றைப் பார்த்தால் வேறொரு கேள்வி முன்னுக்கு வருகிறது. சாப்பிடுபவருக்காக இன்சுலின் காத்திருக்குமா, இன்சுலினுக்காகச் சாப்பிடுபவர் காத்திருக்க வேண்டுமா? கடந்த நூறாண்டு இன்சுலின் சிகிச்சையின் போக்கை இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே எழுதிவிட முடியும். இன்சுலின் பம்ப் என்னும் சிறு கருவிக்கு அவ்வரலாற்றில் உள்ள இடமும் அப்போதுதான் சரியாகப் புலப்படும்.

இன்சுலினுக்கு முந்தைய காலத்தில் கேள்விக்கே இடமில்லை. டைப் 1 நீரிழிவு வந்த குழந்தைக்கு அமெரிக்க மருத்துவர் பிரடெரிக் ஆலன் வகுத்த சிகிச்சை பட்டினிதான். கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்ட உடலில் உண்ட சோறு எதற்கும் பயன்படாமல் இரத்தத்தில் சர்க்கரையாகத் தேங்கும். ஆகவே உணவையே ஏறக்குறைய இல்லாமலாக்கிச் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ உயிரை நீட்டிப்பது அதன் நோக்கம். 1922 ஜனவரி 11 அன்று டொரொன்டோவில் 14 வயதான லெனார்ட் தாம்சனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டபோது அச்சிறுவன் இந்தப் பட்டினியில் எலும்பும் தோலுமாக இருந்தான். முதல் ஊசி பலன் தரவில்லை; மருந்தில் மாசு மிகுந்திருந்தது. வேதியியலர் காலிப் தூய்மைப்படுத்தித் தந்த சாற்றை 12 நாள் கழித்துச் செலுத்திய பின்னரே சர்க்கரை இறங்கியது. பான்டிங், பெஸ்ட், மக்லியாட், காலிப் ஆகிய நால்வரின் பெயரும் இன்று ஒன்றாகச் சொல்லப்படுகிறது. 1923-இன் நோபல் பரிசு பான்டிங்குக்கும் மக்லியாடுக்கும் மட்டுமே கிடைத்தது. காப்புரிமை ஏறத்தாழ இலவசமாக, பெயரளவுக்கு ஒரு டாலர் வீதம், டொரொன்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. நூறாண்டுக்குப் பின் இன்சுலின் விலை குறித்து நடக்கும் வாதங்களில் இந்த ஒரு டாலர் அடிக்கடி நினைவூட்டப்படுவதில் வியப்பில்லை.

பட்டினி முடிந்தது. ஆனால் வேளை பற்றிய சிக்கல் அப்போதுதான் தொடங்கியது. நலமான கணையம் இன்சுலினை இரு விதமாகச் சுரக்கிறது. இரவும் பகலும், உண்டாலும் உண்ணாவிட்டாலும், ஓயாது கசியும் மெல்லிய சுரப்பு ஒன்று. ஒரு நாளின் மொத்த இன்சுலினில் ஏறத்தாழப் பாதி இப்படிப் போகிறது. மீதிப் பாதி, உணவு குடலைத் தொடும் நேரத்தில் நிமிடக்கணக்கில் பாய்ந்து வந்து பின் அடங்கும் சுரப்பு. ஊசியால் இவ்விரண்டில் எதையும் ஒழுங்காகப் பின்பற்ற முடியவில்லை. தொடக்ககால இன்சுலின் சில மணி நேரமே வேலை செய்தது. ஒரு நாளில் பலமுறை, நள்ளிரவிலும் எழுந்து, குத்திக்கொள்ள வேண்டியிருந்தது. கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிநீரில் இட்டு, ஊசி முனையைக் கல்லில் தீட்டிக் கூர்மையாக்கி, மறுபடி மறுபடி பயன்படுத்திய காலம் அது.

இதற்கு டென்மார்க்கின் ஹாகெடோர்ன் 1936-இல் ஒரு விடை கண்டார். புரோட்டமின் என்னும் மீன்புரதத்தோடு இன்சுலினைப் பிணைத்தால் அது தோலடியில் மெல்ல மெல்லக் கரையும். அவ்வழியில் 1946-இல் உருவான என்.பி.எச். இன்சுலின் பல பத்தாண்டுகள் உலகெங்கும் கோலோச்சியது. இன்றும் இந்தியாவின் அரசு மருத்துவமனைகளில் மனித இன்சுலின் கலவையின் ஒரு பகுதியாக அது வாழ்கிறது. ஊசிகள் குறைந்தன. காலையும் மாலையும் இரண்டு போதும் என்றானது. இந்த நிம்மதியின் விலை வேறிடத்தில் வசூலிக்கப்பட்டது. காலையில் போட்ட மருந்து நடுப்பகலுக்குப் பின் உச்சத்தை அடையும். அந்நேரத்தில் வயிற்றில் சோறு இருந்தே ஆக வேண்டும். மாலையில் போட்டது நள்ளிரவு தாண்டி உச்சமடையும். ஆகவே உறங்கப் போகுமுன் பசியிருந்தாலும் இல்லாவிட்டாலும் எதையாவது தின்றுவிட்டுப் படுக்க வேண்டும். மனிதருக்கு இன்சுலின் என்ற நிலை மாறி, இன்சுலினுக்குச் சாப்பாடு போடும் நிலை வந்தது.

தில்லித் தமிழர் வாழ்வில் இதன் பொருளை ஊகிப்பது எளிது. தலைநகருக்கும் சென்னைக்கும் இடையே கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் போகும் பயணத்தில், வண்டி இடார்சிக்கு மூன்று மணி நேரம் தாமதமாக வந்தால் சாப்பாடும் மூன்று மணி நேரம் தாமதமாகும். தோலடியில் கரைந்துகொண்டிருக்கும் என்.பி.எச். மட்டும் ரயில்வே காலஅட்டவணையை மதித்துத் தன் நேரத்துக்கு வந்து சேரும். முகூர்த்தம் முடிந்த பின்னரே பந்தி என்னும் கல்யாண வீட்டிலும், படையல் முடிந்த பிறகே உணவு என்னும் திவச நாளிலும் இதே கதைதான். வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல், பின் மயக்கம் எனத் தாழ்சர்க்கரை படிப்படியாக வரும். சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலமோ குளுக்கோஸ் பிஸ்கட்டோ இல்லாமல் இன்சுலின்காரர் யாரும் வெளியே போவதில்லை என்பது அந்தத் தலைமுறையின் எழுதப்படாத விதி.

தமிழ்நாட்டில் இந்நோய்க்கெனத் தனிக் கவனம் தொடங்கியது மருத்துவர் எம். விஸ்வநாதனால். 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் அவர் தொடங்கிய நீரிழிவுப் பிரிவு இந்தியாவில் இத்துறையின் முன்னோடி எனக் கொள்ளப்படுகிறது. பின்னர் ராயபுரத்தில் அவர் நிறுவிய மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. நமது கேள்விக்கு அவரிடம் முக்கியமானது உணவு பற்றிய நிலைப்பாடு. மேலைநாட்டு வழிகாட்டல்கள் மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தானியத்தையும் பருப்பையும் அடிப்படையாகக் கொண்ட மக்களுக்கு மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிகுந்த உணவே பொருந்தும் என அவர் வாதிட்டு ஆய்வு நடத்தினார். சோற்றையே விலக்கச் சொல்லும் மருத்துவரிடம் திரும்பி வராத நோயாளியை அவர் அறிந்திருந்தார் போலும்.

தில்லியில் எய்ம்ஸின் எம்.எம்.எஸ். அகுஜா தலைமையில் 1970-களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய பல்மைய ஆய்வு, நகரத்தில் 2.1 விழுக்காடும் கிராமத்தில் 1.5 விழுக்காடும் நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இன்று படிக்கையில் அந்த எண்கள் வேறொரு நாட்டினுடையவை போலத் தோன்றும். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின் மதிப்பீடு 10.1 கோடிப் பேர். இந்தப் பெருந்தொகையில் மிகப் பெரும்பாலோர் டைப் 2 நோயர். இன்சுலின் இல்லாமல் சில நாட்கள்கூட உயிர் தரிக்க இயலாத டைப் 1 குழந்தைகள் அந்த எண்ணின் நிழலில் மறைந்துபோனார்கள். இந்தியாவில் 20 வயதுக்குட்பட்ட டைப் 1 நோயர் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 அட்லஸ் மதிப்பிடுகிறது. இளவயது நீரிழிவுக்கெனத் தேசியப் பதிவேடு ஒன்று 2006-இல்தான் தொடங்கியது. தில்லி எய்ம்ஸும் சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் அதன் ஒருங்கிணைப்பு மையங்கள். பம்ப்பின் கதை இவர்களைப் பற்றியது.

கருவியின் பிறப்புக் கதையில் முதலில் வரும் பெயர் லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவர் ஆர்னால்ட் கடிஷ். 1960-களின் தொடக்கத்தில் அவர் அமைத்த எந்திரம் இரத்தச் சர்க்கரையை அளந்து, அதற்கேற்ப மருந்தைச் செலுத்த முயன்றது. முதுகில் மாட்டும் பையின் அளவு எனச் சொல்லப்படுகிறது. 1970-களில் பயாஸ்டேட்டர் என்னும் கருவி அதே வேலையைப் படுக்கையருகே நிறுத்திய பெட்டியாகச் செய்தது. இரண்டும் கணையத்தை முழுமையாக நகலெடுக்க விரும்பியவை. இரண்டும் அன்றாட வாழ்வுக்கு வரவில்லை.

வந்தது அடக்கமான மற்றொரு எண்ணம். லண்டன் கைஸ் மருத்துவமனையின் ஜான் பிக்கப், ஹாரி கீன் முதலியோர் 1978-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். லண்டனின் மில் ஹில் ஆய்வு நிறுவனத்தில் உருவான, மின்கலத்தில் ஓடும் சிறு சிரிஞ்சுப் பம்ப்பை நோயாளியின் உடலில் மாட்டி, தோலடியில் செருகிய நுண்குழல் வழியே இன்சுலினை இடைவிடாது மெல்லச் சொட்டவிட்டனர். உணவு வேளையில் மட்டும் சொட்டின் வேகம் கூட்டப்பட்டது. அந்தப் பம்ப்புக்கு எதையும் அளக்கத் தெரியாது. இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, தட்டில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் புறம்பு. ஆனால் கணையத்தின் இரு விதச் சுரப்புகளையும், கசிவையும் பாய்ச்சலையும், முதன்முறையாகத் தனித்தனியே பிரித்துக் காட்டியது அதுதான். மறு ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் டாம்பர்லேன், ஷெர்வின் குழுவினர் இதே முறையில் இளம் நோயாளிகளின் சர்க்கரையை இயல்பு நிலைக்கு அருகில் கொணர்ந்தனர். அவர்களுக்குக் கிடைத்த பம்ப், டீன் கேமன் என்னும் இளம் பொறியாளர் உருவாக்கியது; நீலச் செங்கல் என்று கேலியாக அழைக்கப்பட்ட கனமான பெட்டி. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போன பிள்ளைகளின் பொறுமைக்கும் இவ்வரலாற்றில் இடம் தரப்பட வேண்டும்.

இங்கேதான் வேளையின் கணக்கு தலைகீழானது. தோலடியில் முன்கூட்டியே புதைத்து வைத்த மருந்துக் குவியல் ஏதும் இல்லை. ஆகவே குறித்த நேரத்தில் சாப்பிட வேண்டிய கட்டாயமும் இல்லை. பிற்பகல் இரண்டு மணிக்குச் சோறு என்றால் இரண்டு மணிக்கு அழுத்தினால் போதும். நான்கு மணிக்கு என்றால் நான்கு மணிக்கு. சாப்பிடவே இல்லையென்றால் அழுத்த வேண்டியதில்லை, அடியில் சொட்டும் இன்சுலின் உயிரைக் காத்துக்கொள்ளும்.

புகழ் உடனே வந்தது, சரிவும் வந்தது. குவியல் இல்லாததே விடுதலைக்குக் காரணம் என்றால், ஆபத்துக்கும் அதுவே காரணம். குழல் அடைத்துக்கொண்டாலோ கழன்றுவிட்டாலோ சில மணி நேரத்தில் உடலில் இன்சுலின் அறவே தீர்ந்து கீட்டோஅமிலத்தன்மை தொடங்கும். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பம்ப் அணிந்தவர்களின் மரணங்கள் தனியே ஆராயப்பட்டன. மற்ற இன்சுலின் நோயரிடம் எதிர்பார்க்கத்தக்கதைவிட அவை மிகுதி அல்ல என்று அறியப்பட்டாலும் ஐயம் நீங்கவில்லை. அந்தப் பத்தாண்டில் பல மருத்துவர்கள் இதைக் கைவிட்டனர்.

அதை மீட்டவற்றுள் மூன்றைச் சொல்லலாம். மூன்றும் பம்ப்புக்கு வெளியே நிகழ்ந்தவை என்பது கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் கவனிக்கத்தக்கது. முதலாவது, விரல்நுனித் துளி இரத்தத்தில் சர்க்கரையை வீட்டிலேயே அளக்கும் குளுக்கோமீட்டர். சிறுநீரைச் சோதித்துச் சில மணி நேரத்துக்கு முந்தைய நிலையை ஊகித்துவந்தவர்களுக்கு அது நிகழ்காலத்தைக் காட்டியது. இரண்டாவது, 1983 முதல் 1993 வரை வட அமெரிக்காவில் 1441 டைப் 1 நோயாளிகளைத் தொடர்ந்த டி.சி.சி.டி. ஆய்வு. ஒரு பிரிவினருக்கு அன்றைய வழக்கமான ஓரிரு ஊசி. மறுபிரிவினருக்கு மூன்றோ அதற்கு மேலோ ஊசிகள், அல்லது பம்ப், கூடவே அடிக்கடி சோதனை. தொடக்கத்தில் கண்பாதிப்பு இல்லாதோரிடையே தீவிரச் சிகிச்சை விழித்திரை நோயை 76 விழுக்காடு குறைத்தது. கடுமையான தாழ்சர்க்கரை ஏறத்தாழ மூன்று மடங்கானது என்பதும் அதே ஆய்வின் முடிவே. ஆயினும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண்ணும் சிறுநீரகமும் பிழைக்குமா என்ற அரை நூற்றாண்டு விவாதம் அன்றோடு முடிந்தது. மூன்றாவது, 1996-இல் வந்த லிஸ்ப்ரோ. ஊசி போட்டு அரைமணி நேரம் காத்திருந்து உண்ணும் நிலை போய், கால்மணி நேரத்தில் செயல்படத் தொடங்கும் இன்சுலின் கிடைத்தது. பம்ப்புக்கு ஏற்ற மருந்து பம்ப் பிறந்து பதினெட்டு ஆண்டு கழித்தே வந்தது என்று சொல்லலாம்.

இன்று பெல்ட்டில் செருகத்தக்க அளவில், கைப்பேசியைவிடச் சிறிதாக இருக்கும் பம்ப்பில் வேகமாகச் செயல்படும் இந்த ஒரே வகை இன்சுலின் மட்டுமே நிரப்பப்படுகிறது. ஒரு மில்லிலிட்டரில் 100 அலகு. அலகின் இருபதில் ஒரு பங்கையும் அதனினும் குறைவானதையும் கருவியால் அளந்து செலுத்த முடியும். ஐந்து கிலோ எடையுள்ள கைக்குழந்தைக்கு ஊசியால் இந்த நுணுக்கம் இயலாது. மணிக்கு மணி அடிச்சொட்டை மாற்றலாம். விடியற்காலையில் உடலின் பிற ஹார்மோன்கள் எழுந்து சர்க்கரையை ஏற்றும் நான்கு மணி முதல் ஏழு மணி வரை கூட்டவும், நள்ளிரவுக்குப் பின் குறைக்கவும் முடியும், என்.பி.எச். சரியாக இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. காய்ச்சல் வந்தால் கூட்டிக்கொள்ளலாம், ஓடப் போகும்போது குறைக்கலாம். பாய்ச்சலையும் ஒரே அடியில் தராமல் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு நீட்டலாம். கொழுப்பு மிகுந்த உணவு மெல்லச் செரிக்கும் என்பதால் மேலைநாட்டுக் கையேடுகள் இதற்கு பீட்சாவை உதாரணம் காட்டும். பரோட்டாவும் பிரியாணியும் தெரிந்தவர்களுக்கு பீட்சா தேவையில்லை. குழலைத் தோலில் பதித்த ஒட்டுப்பட்டையோடு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நாளுக்கு நான்கைந்து குத்தல்கள் மூன்று நாளுக்கு ஒன்றாகக் குறைகின்றன.

ஆனால் எவ்வளவு அழுத்துவது? ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் இட்லி அரிசிக்குத் திரும்ப வேண்டிய இடம் இது. பம்ப் அணிந்தவருக்கு ஒரு விகிதம் வகுத்துத் தரப்படுகிறது. உதாரணமாக, 10 கிராம் மாவுச்சத்துக்கு ஓர் அலகு இன்சுலின். ஓர் இட்லியில் 10 கிராம் எனக் கொண்டால் மூன்று இட்லிக்கு மூன்று அலகு. இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட காப்பிக்கு இன்னும் ஓர் அலகு. ஏற்கெனவே சர்க்கரை ஏறியிருந்தால் அதை இறக்கத் தனியே சிறிது. முந்தைய அழுத்தலில் எஞ்சியிருப்பதைக் கருவியே கணக்கிட்டுக் கழித்துவிடும். கணக்கு எளிது, இட்லிதான் எளிதல்ல. ஒரு வீட்டுத் தட்டின் குழி மற்றொரு வீட்டின் குழியைவிடப் பெரிது. அரிசிக்கும் உளுந்துக்குமான விகிதம் நான்குக்கு ஒன்றா, மூன்றுக்கு ஒன்றா என்பது ஊருக்கு ஊர், மாமியாருக்கு மாமியார் வேறு. தில்லிக் குளிரில் மாவு சரியாகப் புளிக்காத ஜனவரியில் அதே ஈடு மாவு இறுகிய, கனத்த இட்லியைத் தரும். எனவே டைப் 1 குழந்தை உள்ள வீட்டுச் சமையலறையில் ஒரு தராசு முளைக்கிறது. அதன் முன்னே நிற்பவர் பெரும்பாலும் தாய். பம்ப் நோயாளிக்குத் தந்த விடுதலை என்று மருத்துவ இலக்கியம் கொண்டாடுவதன் ஒரு பகுதி, மருத்துவமனையிலிருந்து சமையலறைக்கு இடம்பெயர்ந்த, கூலியற்ற உழைப்பு. இது பற்றிய ஆய்வுகள் தமிழ்ச் சூழலில் பெருக வேண்டும்.

அந்தத் தராசு தரும் எடையை மாவுச்சத்தாக மாற்றும் அட்டவணைக்கும் ஒரு தமிழகத் தொடர்பு உண்டு. நீலகிரியின் குன்னூரில் மக்காரிசன் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வகத்தில், அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஐக்ராய்ட் 1937-இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பை விவரிக்கும் சிற்றேட்டை வெளியிட்டார். ஏழை விவசாயியும் சிறைக் கைதியும் விடுதி மாணவரும் உண்ணும் குறையுணவை எண்களில் அளப்பதற்காக எழுந்த அட்டவணை அது. ஆய்வகம் 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. அட்டவணை பலமுறை புதுக்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டுப் பதிப்பு 528 உணவுப் பொருள்களைத் தருகிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சமைக்காத பொருள்கள். அரிசி உண்டு, உளுந்து உண்டு; ஊறி, அரைபட்டு, புளித்து, ஆவியில் வெந்த பின் ஓர் இட்லியில் எவ்வளவு தங்குகிறது என்பதை அடுப்படியில் நிற்பவரே வகுத்துக் கண்டுகொள்ள வேண்டும். பசியை அளக்கப் பிறந்த எண்கள் இன்று பம்ப்பின் பொத்தானை அழுத்தும் விரலுக்கு வழி சொல்கின்றன.

பின்வந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் கருவிக்குக் கண் திறந்தது. தோலடியில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரையை அறியும் உணரி பம்ப்போடு இணைந்தது; சர்க்கரை வெகுவாக இறங்கினால் தானே சொட்டை நிறுத்தும் கருவிக்கு 2013-இலும், அடிச்சொட்டைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவிக்கு 2016-இலும் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. நிறுவனங்களுக்காகக் காத்திருக்க மறுத்த நோயாளிகளும் பெற்றோரும் பழைய பம்ப்களைத் திறந்து, தாங்களே நிரல் எழுதி இதைச் சாதித்துக்கொண்ட இயக்கம் இதே ஆண்டுகளில் நடந்தது. டானா லூயிஸ் முதலியோர் 2015-இல் அந்த நிரலைப் பொதுவில் வைத்தனர். நள்ளிரவில் எழுந்து குழந்தையின் விரலைக் குத்திப் பார்த்த தாய்மார்களுக்கு இதனால் உறக்கம் திரும்பியது; பம்ப் தரும் நன்மைகளில் இதையே முதலாவதாகச் சொல்லும் குடும்பங்கள் பல. ஆயினும் இக்கருவிகளிலும் உணவை மனிதரே அறிவிக்க வேண்டியிருக்கிறது. இட்லியை எண்ணும் வேலை இன்னும் தீரவில்லை.

இனி விலை. இந்தியாவில் பம்ப் ஒன்று சில லட்சம் ரூபாய். குழலும் சேமகலமும் உணரியும் மாதந்தோறும் பல ஆயிரம். பிரிட்டனில் 2003-லேயே தேசிய மருத்துவ சேவை தகுதியுள்ள நோயாளிகளுக்குப் பம்ப் வழங்கும் நெறியை வகுத்தது. 2023 இறுதியில் தானியங்கிக் கருவிகளையும் பரிந்துரைத்தது. இங்கே அது பெரும்பாலும் கைக்காசு. எய்ம்ஸ் வாயிலின் நடைபாதையில் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து போர்வை விரித்துக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு பம்ப் ஒரு சொல்லாகக்கூட எட்டுவதில்லை. அவர்களின் சிக்கல் அதற்கு வெகு முன்பே தொடங்குகிறது. 45 பாகை வெயிலில் குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினைக் காப்பது எப்படி? நீர் ஊறிய மண்பானைக்குள் குப்பியை வைப்பது என்ற நாட்டு வழி ஆய்வில் சோதிக்கப்பட்டு, பயனுள்ளது எனக் காணப்பட்டிருக்கிறது. உடலோடு ஒட்டியிருக்கும் பம்ப்பினுள் உள்ள இன்சுலினும் இதே வெயிலில்தான் நடமாடுகிறது என்பதை அணிந்தவர்கள் மே மாதத்தில் மறப்பதில்லை.

ஆகவே ஒரு நேர்மையான கணக்கு தேவைப்படுகிறது. வேளையின் விடுதலை முழுவதும் பம்ப்பின் சொத்து அல்ல. கசிவையும் பாய்ச்சலையும் பிரிக்க வேண்டும் என்ற அதன் பாடத்தைப் பின்னாளில் ஊசியும் கற்றுக்கொண்டது. 2000-இல் புழக்கத்துக்கு வந்த கிளார்ஜின் போன்ற இன்சுலின்கள் உச்சமின்றி நாள் முழுதும் நீடிக்கின்றன. அதோடு உணவு வேளைக்கு வேகமான ஊசி ஒன்று சேர்ந்தால் நேரத்தின் பிடி பெருமளவு தளர்ந்துவிடும். கிளார்ஜின் 2022-இல் இந்தியாவின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்ந்தது இவ்வகையில் பம்ப்பின் எந்தப் புதிய மாதிரியையும்விடப் பெரிய செய்தி. அதே ஆண்டில் டைப் 1 நீரிழிவுக்கெனத் தனி வழிகாட்டுதலை ஐ.சி.எம்.ஆர். வெளியிட்டது. கேரள அரசு ‘மிட்டாயி’ என்ற இனிய பெயரில் டைப் 1 குழந்தைகளுக்கான திட்டம் ஒன்றை நடத்துகிறது. தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவு மருந்தை வீட்டுக்கே கொண்டு செல்கிறது. அதன் பயனாளர்களில் பெரும்பாலோர் டைப் 2 கொண்ட பெரியவர்கள்.

எனினும் மிகச் சிறிய குழந்தைக்கும், தாழ்சர்க்கரை வருவதை உடலால் உணர முடியாமல் போனவருக்கும், விடியற்காலை ஏற்றம் எந்த ஊசிக்கும் அடங்காதவருக்கும் பம்ப்புக்கு மாற்று எளிதில் இல்லை. அவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரால் வாங்க முடிகிறது என்ற இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள தூரமே இந்தியாவில் இக்கருவியின் இன்றைய வரலாறு. ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் மீன் வரிசையில், சட்டைக்கடியில் பம்ப் மாட்டிய ஒருவர் பதினொன்றரை மணிக்கு வீடு திரும்பி இரண்டரை மணிக்குச் சோறும் மீன்குழம்பும் உண்ணலாம், அவருக்கு அவசரமில்லை. ஒரு மெட்ரோ நிறுத்தம் தள்ளி, நடைபாதையில் இருக்கும் தாய், காலையில் மகனுக்குப் போட்ட கலவை ஊசி உச்சமடையும் முன் அவனுக்குச் சாப்பாடு வாங்கியாக வேண்டும் என்று வரிசையை விட்டு எழுந்து போகிறார். திரும்புகையில் அவரது முறை கடந்திருக்கும்.